போட்டி வைத்துக் கொடுத்த கணினி

1957-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கணினி தேவையில்லாமல் போனது. இரண்டரை டன் எடை, 2 மீட்டர் உயரம், 6 மீட்டர் நீளம். எடைக்குப் போட்டிருந்தால் கேட்பாரில்லை. அவர்களோ கல்லூரிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். இந்த இயந்திரம் உங்களுக்குக் கிடைத்தால் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, மிக நல்ல பதில் சொன்ன வுல்வர்ஹாம்டன்-ஸ்டாஃபர்ட்ஷயர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதைக் கொடுத்தார்கள். பின்னாளில் வுல்வர்ஹாம்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரி அது.

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணினியின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி இதுதான். நம் கல்லூரிகளில் ஒரு கணினி பழசாகிவிட்டால் அதைக் 'கண்டம்' பண்ணுவோம். கமிட்டி வந்து பார்க்கும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போடும், பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்படும், ஒருநாள் லாரி வரும். எந்த வருடம் வாங்கியது, என்ன விலை, இப்போது ஓடுகிறதா என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். இதை வைத்து யாராவது ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கும் பத்தி மட்டும் கிடையாது. ஹார்வெல்காரர்கள் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

அந்த இயந்திரம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ஹார்வெல்லில் இளம் பட்டதாரிகள் உட்கார்ந்து கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறிகளில் நாள் முழுக்க எண்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சலிப்பூட்டும் வேலை, தப்பும் நேரும். அதற்கு மாற்றாக டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் மூவரும் 1949-இல் வடிவமைப்பைத் தொடங்கினார்கள். 1951-இல் கணினி ஓடியது. தொலைபேசி நிலையங்களில் புழங்கும் ரிலேக்களையும் சட்டங்களையும் கொண்டே பெரும்பகுதியைக் கட்டினார்கள். வேகம் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. இரண்டு எண்களைப் பெருக்க 5 முதல் 10 விநாடி ஆகும். ஃபாசி என்ற கணிதர் கைப்பொறியோடு அதன் எதிரில் உட்கார்ந்து போட்டி போட்டார். அரைமணி நேரம் சரிக்குச் சரியாக ஈடுகொடுத்தார், பிறகு களைத்துப்போய் எழுந்துவிட்டார். இயந்திரம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பத்து நாள் ஆளே இல்லாமல் ஓடி, எல்லாரும் திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

அதன் நினைவகம் டெகட்ரான் என்ற கண்ணாடிக் குழல்களால் ஆனது. மொத்தம் 828 குழல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வாயு அடைத்து, நடுத்தகட்டைச் சுற்றி வட்டமாகப் பத்து முக்கிய மின்முனைகளை நிறுத்தியிருப்பார்கள். ஏதாவது ஒரு முனையில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு புள்ளி ஒளிரும். ஒரு துடிப்பு வந்தால் புள்ளி அடுத்த முனைக்கு நகரும். அது வழிதவறாமல் போக, இடையிடையே வழிகாட்டி முனைகள் உண்டு. ஒன்பதிலிருந்து பூஜ்ஜியத்துக்குச் சுற்றி வரும்போது பக்கத்துக் குழலுக்கு ஒன்று மிகுதியாகப் போய்ச் சேரும். நாம் மூன்றாம் வகுப்பில் 'ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, ரெண்டு போட்டு மீதி ஒன்று' என்று சொல்லிக்கொண்டே போட்ட கணக்கு அப்படியே கண்முன் நடக்கும். எல்லாம் பதின்ம எண்கள். இரும எண் தெரியாதவர்களும் எதிரில் நின்று, எந்தக் குழலில் எந்த இலக்கம் இருக்கிறது என்று படித்துவிடலாம். கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓட விடுவார்கள்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு எது குறையாகப் பட்டதோ, அதுவே வகுப்பறைக்கு வரமாக அமைந்தது. வேகமான கணினியில் கூட்டல் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. இதில் மாணவன் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, நாடா நகர்ந்ததும் சரிபார்த்துக்கொள்ள முடியும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். கண்டமான 386 பெட்டிகளை ஆய்வகத்தில் திறந்து போட்ட நாட்களில்தான் எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். புதுக் கணினியின் மூடியைக் கழற்ற அவர்களுக்கும் பயம், எங்களுக்கும் பயம். பழைய பெட்டியில் ராம் அட்டையைப் பிடுங்கிவிட்டு அது எப்படிக் கத்துகிறது என்று கேட்கலாம், மறுபடி செருகலாம்.

வுல்வர்ஹாம்டன்காரர்கள் அதற்கு விட்ச் என்று பெயர் வைத்தார்கள். ஹார்வெல்லிலிருந்து வந்த, கணிப்பு கற்பிக்கும் வுல்வர்ஹாம்டன் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1973 வரை, பதினாறு வருடம், அதில் பாடம் நடந்தது. ஹார்வெல்லில் உழைத்ததைவிட வகுப்பறையில் உழைத்த காலம் இரண்டு மடங்குக்கும் மேல். உலகிலேயே நீடித்து உழைத்த கணினி என்று அந்த வருடம் கின்னஸ் புத்தகம் அதைக் குறித்தது. அப்புறம் பர்மிங்ஹாமின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1997-இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டபோது இயந்திரம் கிடங்குக்குப் போனது.

கெவின் மரல் என்பவர் சிறுவயதில் பர்மிங்ஹாமில் அதைப் பார்த்தவர். கிடங்குப் பொருட்களைக் கணக்கெடுத்தபோது எடுத்த ஒரு படத்தில், அதன் கட்டுப்பாட்டுப் பலகையை அடையாளம் கண்டுகொண்டார். 2009-இல் பாகங்கள் பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்கு வந்தன. டெல்வின் ஹோல்ராய்ட் தலைமையில் தன்னார்வலர்கள் மூன்று வருடம் உழைத்து, 2012 நவம்பர் 20 அன்று அதை மறுபடி ஓட வைத்தார்கள். தன் சொந்த உறுப்புகளோடு இன்றும் ஓடும் மின்னணுக் கணினிகளில் மிகப் பழையது என்று அருங்காட்சியகம் அதைச் சொல்கிறது.

விட்ச் கைமாறியதற்கு மறு வருடம், 1958 ஜூலை 11 அன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் எட்சாக் கணினியை நிறுத்தியது. மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டி 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டிய, வரலாற்றில் விட்ச்சைவிடப் பல மடங்கு பெரிய இடம் பெற்ற இயந்திரம் அது. அதைப் பிரித்துக் கழித்துவிட்டார்கள். இப்போது அதே பிளெட்ச்லி பார்க் அருங்காட்சியகத்தில் எட்சாக்கை முதலிலிருந்து மறுபடி கட்டுகிறார்கள். அந்த வேலை 2011-இல் தொடங்கியது. மூல வரைபடங்கள் பெரும்பாலும் மிஞ்சாததால், பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்தே இணைப்புகளை ஊகிக்க வேண்டியிருந்தது. பழைய ஊழியர் ஒருவர் எடுத்துவைத்திருந்த 19 வரைபடங்கள் 2014-இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அது அவர்களுக்குப் பெரிய கண்டெடுப்பாக இருந்தது. விட்ச்சைச் சீராக்கியவர்களுக்கு அந்தத் திண்டாட்டம் நேரவில்லை. இயந்திரமே முன்னால் நின்றது.