வெடி அகற்றிய காணி எல்லாம் சுத்தமான காணியா?

கொடிகாமத்தில் இருந்து முகமாலைப் பக்கம் போனால், ஒரு காணி ‘விடுவிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு எங்களிடம் ஓர் அர்த்தம்தான் உண்டு: கண்ணிவெடி எடுத்தாயிற்று, இனிக் கால் வைக்கலாம். அந்தச் சான்றிதழின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். ஆனால் அது வெடிபொருளை மட்டுமே பார்க்கிறது. மண்ணில் ஊறிய எண்ணெய், ஈயம், பாதரசம் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைவிடப்பட்ட தொழிற்சாலைக் காணிகளில் மீண்டும் வேலை வரவேண்டும் என்று கேட்கிற நாங்கள், இந்த இரண்டாவது சோதனையையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியான காணிகள் எங்களைச் சுற்றி உள்ளன. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் போரால் நின்றது. ஆனையிறவு தாண்டி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் 1980களில் போரால் முடங்கியது. சிறிய அளவில், பழைய கராஜ், பற்றரி உடைத்த வளவு, மூடிய எரிபொருள் நிலையம் எல்லாம் இதே வகைதான்.

அசட்டை செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்தது. நீர் வழங்கல் சபையின் ஆய்வும் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவும் ஒத்துப்போகவில்லை. எதை நம்பிக் குடிப்பது என்று தெரியாமல் சனம் தவித்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்காக நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

குடாநாட்டில் இந்த ஆபத்து கூடுதல். எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான். நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்பும் குழியும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஒரு வளவில் ஊற்றிய கழிவெண்ணெய் வேலியோடு நிற்காது. அடுத்த ஒழுங்கைக் கிணற்றுக்கும் போகும்.

ஒரு காணியைச் சோதிப்பதற்கு ஒழுங்கு முறை உண்டு. முதலில் வரலாறு: என்ன செய்தார்கள், தாங்கி எங்கே இருந்தது, கழிவு எங்கே போனது. அதற்கேற்ப மண்ணும் கிணற்று நீரும் எடுத்துப் பரிசோதிப்பது அடுத்தது. மாரி மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை எடுக்க வேண்டும். நீர்மட்டம் மாறும்போது முடிவும் மாறும். பிறகுதான் துப்புரவு. எண்ணெயை நுண்ணுயிர்களால் ஓரளவு சிதைக்கலாம். ஈயம் சிதையாது; மண்ணை அகற்ற வேண்டும், அல்லது மழைநீர் இறங்காதபடி மூட வேண்டும்.

‘சுத்தம்’ என்று அறிவித்தால், எதற்குச் சுத்தம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையில் பிரச்சினையே அதுதான். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற வரம்பை, கீழே காடும் நீரோடையும் இருப்பதால் சூழலியலாளர்கள் ஏற்கவில்லை. களஞ்சியம் கட்டப் போதுமான சுத்தம், பாடசாலைக்கோ தோட்டத்துக்கோ போதாது.

எங்கள் பெரிய சிக்கல் முதற்படியிலேயே இருக்கிறது. இடப்பெயர்விலும் குண்டுவீச்சிலும் எத்தனையோ பதிவேடுகள் அழிந்தன. எஞ்சியிருப்பது வேலை செய்தவர்களின் நினைவு. உதாரணமாக, அக்காலத்தில் உலகின் பல குளோரின் ஆலைகள் பாதரசம் பாவித்தன. ஆகவே பரந்தனில் எந்த முறையில் குளோரின் பிரித்தார்கள், கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதே அங்கே முதற்கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் இன்று சாவகச்சேரியிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். 1985இல் 25 வயதில் அங்கே வேலை செய்தவருக்கு இன்று 65 தாண்டிவிட்டது.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்பாவோ பெரியப்பாவோ இருந்தால், ஒரு தாளைக் கொடுத்து வளவைக் கீறச் சொல்லுங்கள்: தாங்கி, வாய்க்கால், குப்பைக் கிடங்கு. அதைப் பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, அந்தக் காணியில் செய்த பரிசோதனை அறிக்கைகளையும் கேட்கலாம். கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். எங்கே தோண்டிப் பார்ப்பது என்று பரிசோதகருக்குச் சொல்ல அந்தத் தாள் உதவும்.