உடற்கூற்று வண்ணம் பிறந்த கதை

தமிழ்நாட்டுக் கிராமத்துத் துக்க வீடுகளில் விடிய விடியக் கண்விழித்தவர்களுக்கு இந்தப் பாட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடை கிளம்பும் முன் யாராவது ஒருவர் உடற்கூற்று வண்ணத்தை எடுப்பார். கருவில் துளியாக விழுந்தது முதல் சுடுகாட்டில் சாம்பலாவது வரை ஒரு முழு ஆயுள் அதில் ஓடி முடியும்.

பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாட்டு. பதினோராம் திருமுறையில் உள்ள பட்டினத்தாரும் இவரும் வேறு வேறு ஆட்கள் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. கர்ணபரம்பரைக் கதையில் இவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். வளர்ப்பு மகன் மருதவாணர் விட்டுப்போன காதற்ற ஊசியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உதறியவர்.

வண்ணம் அவர் கண்டுபிடித்ததல்ல. தொல்காப்பியச் செய்யுளியலே இருபது வண்ணங்களைச் சொல்கிறது. பின்னால் அது ஒரே சந்தத்தை மடக்கி மடக்கி நீளப் பாடும் பாட்டாக வளர்ந்தது. அருணகிரிநாதரின் திருப்புகழ் அந்த வகைதான். இந்தப் பாட்டு வகைக்கு ‘வண்ணத்தியல்பு’ என்று தனி இலக்கணம் எழுதியவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். 1839இல் திருநெல்வேலியில் பிறந்து, விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் கௌமார மடம் கண்டு, 1898இல் அங்கேயே சமாதியானவர். தம் வாழ்க்கையையே ‘குருபர தத்துவம்’ என்று செய்யுளில் எழுதிவைத்தவரும் அவர்தான்.

சந்தம் ஓடிக் குறுகி நிற்கும் இடத்துக்குத் தொங்கல் என்று பெயர். உடற்கூற்று வண்ணம் அப்படி நான்கு இடத்தில் நிற்கிறது. முதல் நிறுத்தம், தெருப்புழுதியில் கூட்டாளிகளோடு ஓடியாடும் ஐந்து வயது. இரண்டாவது, கையில் ஊன்றுகோல். மூன்றாவது, மூச்சுத் தடுமாறும் நேரம். நான்காவது, பிடி சாம்பல்கூட மிஞ்சாத உடம்பை நம்பிவிட்டேன், ஆண்டுகொள் என்ற முறையீடு.

குழந்தையைப் பட்டினத்தார் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! குப்புறக் கவிழ்வது, தவழ்வது, மடியில் உட்கார்ந்து மழலை பேசுவது, வா, போ என்று சொல்லக் கற்பது எல்லாம் வரிசை தப்பாமல் வருகின்றன. பதினாறு வயது வந்ததும் தலை கோதி, பூச்சூடி, நகை பூட்டி நிற்கிறான். கண்ணாடியை விட்டு நகராத பையனைப் பெற்றவர்களுக்கு அந்த இடத்தில் உரை தேவைப்படாது. பிறகு பெண்கள் பின்னால் ஓட்டம், இருந்த சொத்தெல்லாம் அழிவு, உடனே பல் விழுந்து முதுமை. தூங்கவிடாத இருமல், மந்தமான காது, ஓயாத வாய், பழித்துக்காட்டும் வீட்டார் என்று கிழப்பருவத்தில் கருணையே இல்லை.

இளமைக்கும் ஊன்றுகோலுக்கும் நடுவே பிள்ளை வளர்க்கும் முப்பது நாற்பது வருஷம் எங்கே போயிற்று?

இதே ஓட்டை அமெரிக்காவிலும் விழப்பார்த்தது. உளவியலாளர் எரிக் எரிக்சனும் மனைவி ஜோனும் மனித வாழ்வை ஏழு பருவமாக வகுத்திருந்தார்கள். பெர்க்லி வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குக் காரில் போகும்போது மனித வாழ்வுக்கு ஷேக்ஸ்பியர் சொன்ன ஏழு பருவங்களைப் பற்றிப் பேச்சு. அவர் விளையாட்டுப் பருவத்தை விட்டுவிட்டாரே என்று பேசிக்கொண்டு வந்த ஜோனுக்குச் சட்டென்று உறைத்தது: நம் பட்டியலிலும் ஒன்று குறைகிறது, அதுவும் நாம் இப்போது இருக்கும் பருவமே! அடுத்த தலைமுறையை ஆளாக்கும் பருவம் ஏழாவதாக நுழைந்தது, முதுமை எட்டாவதாயிற்று. 1950இல் வந்த எரிக்சனின் ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூலில் எட்டுப் பருவங்கள் உள்ளன.

ஷேக்ஸ்பியர் விட்ட விளையாட்டு பட்டினத்தார் பாட்டில் இருக்கிறது. எரிக்சன் தம்பதி கடைசி நேரத்தில் பிடித்த நடுவயதுதான் இல்லை. மகனால் துறவியானதாகக் கதையில் வரும் மனிதர் பெயரிலுள்ள பாட்டில் அப்பன் என்ற பருவமே இல்லை! மறந்து விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உடம்பு வீண் என்று சாதிக்கப் புறப்பட்ட பாட்டு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக இரவெல்லாம் விழித்த உடம்பைக் காட்டினால் வழக்கு தோற்றுவிடும்.

பெண்ணுக்கும் இந்தப் பாட்டில் சொந்த ஆயுள் இல்லை. பெறுகிறாள், பாலூட்டுகிறாள், மயக்குகிறாள், கடைசியில் அழுகிறாள், அவ்வளவுதான்.

சந்தம் கட்டத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருவாமாத்தூர்ச் சாமியின் இலக்கணமும் கையில் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்களின் ஆயுளையும் சேர்த்து இன்னொரு உடற்கூற்று வண்ணத்தை யாராவது எழுதுங்கள்.