இரைச்சலிலிருந்து கீர்த்தனைக்கு வந்த கிட்டார்

2002ஆம் ஆண்டு. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சில மாதங்கள் சென்றிருந்தன. லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கிருலப்பனையில் என் வீட்டு மேசைமீது ஓர் இறுவட்டை வைத்துவிட்டுப் போனார். சுசீலா ராமனின் 'சால்ட் ரெய்ன்'. ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்கள் உறுமிக்கொண்டிருக்க அதைக் கேட்டேன். எரிச்சல்தான் மிஞ்சியது. தியாகராஜரின் 'நகுமோமு', தீட்சிதரின் கணபதி கீர்த்தனை, மைசூர் வாசுதேவாச்சாரின் 'மாமவது' எல்லாம் கிட்டாருடனும் ஆபிரிக்கத் தாளத்துடனும் வந்தன. "கீர்த்தனைக்கு மேல்நாட்டுச் சட்டை" என்று பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பும் எழுதினேன். பெயர் போடாத குறிப்பு. ஆகவே எவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கிட்டாரை வாசித்தவர் யாரென்று அப்போது நான் தேடவில்லை. செய்தியாளனுக்கு அழகல்ல.

அவர் சாம் மில்ஸ். 1976, 77இல் செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ் முதலிய குழுக்கள் இங்கிலாந்தில் 'பங்க்' என்னும் முரட்டு இசையைக் கிளப்பின. மூன்று சுரக்கோவைகள் தெரிந்தால் மேடை ஏறலாம், எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் கொள்கை. அந்த அலையின் தொடர்ச்சியாக 1979இல் லண்டனில் தோன்றிய '23 ஸ்கிடூ' குழுவின் தொடக்ககால உறுப்பினர் மில்ஸ். 1982இல் வெளியான அவர்களது 'செவன் சோங்ஸ்' இசைத்தட்டில் ஒலிநாடாத் துண்டுகளும் தாள வாத்தியங்களும் கூச்சல்களும் முட்டி மோதும். இன்று கேட்டாலும் காதைப் பொத்தத் தோன்றும் இடங்கள் உண்டு.

அங்கிருந்து விலகிய மில்ஸ் பின்னர் வங்காளத்தின் பக்கம் திரும்பினார். மேற்கு வங்கத்து பாவுல் பாடகர் பபன் தாஸுடன் சேர்ந்து 1997இல் 'ரியல் சுகர்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். கையடக்கமான துப்கிப் பறையுடன் பாடும் நாடோடிக் கலைஞர் பபன் தாஸ். அத்தகைய குரலுக்கு அருகில் மின்கிட்டாரை அலறவிட முடியாது. அடங்கி வாசிக்க வேண்டும்.

அதே ஆண்டில்தான் சுசீலா ராமனும் இங்கிலாந்து திரும்பினார். தஞ்சாவூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் லண்டனில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, சிறுவயதில் கர்நாடக இசை பயின்று, சிட்னியில் ரொக் குழுவில் பாடியவர் அவர். பேரோசையிலிருந்து புறப்பட்ட இருவர் சேர்ந்ததன் பயனே 2001இல் வந்த 'சால்ட் ரெய்ன்'. அது பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

அண்மையில் மீண்டும் கேட்டேன். கிட்டாரின் உலோகக் கட்டைகள் கமகத்துக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. மில்ஸ் அதைப் போலி செய்யவும் முனையவில்லை. ஒரு சிறு சுரக்கோர்வையையே திரும்பத் திரும்ப மீட்டிச் சுருதிபோலப் பிடித்துக்கொண்டு, குரலுக்கு வழி விடுகிறார். விரிவான ஆலாபனையை எதிர்பார்ப்பவர் இன்னும் ஏமாறுவார், நானும் ஏமாந்தேன். ஆயினும் அதைச் சட்டை மாட்டல் என்று சொன்னது தவறு.

சரித்திரமும் என் பக்கம் இல்லை. எந்தத் தீட்சிதரின் கீர்த்தனைக்காக நான் கோபித்தேனோ, அந்த முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேய வாத்தியக் குழுக்களின் மெட்டுக்களுக்கு சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இயற்றியவர். அவருடைய தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடக்கும் கச்சேரியில் வயலினைப் பார்த்து மேல்நாட்டுச் சட்டை என்று இன்று யார் சொல்வார்?

இன்னொரு செய்தியையும் பதிந்துவிடுகிறேன். மில்ஸ் விலகிய பின்னர், 1984இல், 23 ஸ்கிடூ வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'அர்பன் கமெலான்'. ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழுவுக்கே கமெலான் என்று பெயர். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், சுசீலாவும் மில்ஸும் ஜாவாவின் சோலோ நகரத்து இசைக்கலைஞர் கொண்ட்ரோங் குனார்த்தோவுடன் இணைந்து 'கோஸ்ட் கமெலான்' வெளியிட்டார்கள். இம்முறை குறிப்பு எழுதுவதற்கு முன் நான்கு தடவை கேட்டேன்.