தொண்ணூற்றிரண்டாம் நாள்

பத்து பிரவுசர்கள் ஒரே சர்வரோடு பேசிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் இணைப்பு அறுந்து மறுபடி வருகிறது. அதற்கு எதை அனுப்புவது? எல்லாவற்றையும் அனுப்பினால் பழசு இரண்டாம் முறை வரும். இப்போது வந்ததை மட்டும் அனுப்பினால் நடுவில் வந்தது தொலையும். எங்கள் தொழிலில் இதற்கான விடை ரொம்பச் சாதாரணம்: ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். திரும்பி வரும் பிரவுசர் தனக்குக் கடைசியாகக் கிடைத்த எண்ணைச் சொல்லும், சர்வர் அதற்கு மேலுள்ளதை மட்டும் தரும்.

ஆனைமங்கலச் செப்பேட்டில் (லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பெரிய லெய்டன் செப்பேடு என்பார்கள்) என் கண்ணில் முதலில் பட்டதும் எண்தான். யாண்டு 21, நாள் 92. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுக்கும்படி, 1006 வாக்கில், தஞ்சாவூர் மாளிகையில் இருந்த ராஜராஜன் வாயால் சொல்கிறான். 97 வேலிக்கு மேல் நிலம், வருஷத்துக்கு 8943 கலத்துக்கு மேல் நெல். சின்ன விஷயமில்லை.

சொன்னது உடனே ஊருக்குப் போய்விடவில்லை. திருமந்திர ஓலை எழுதுகிறவர் எழுத, ஓலைநாயகம் ஒப்பிட்டுப் பார்க்க, 96-ஆம் நாள் வரிப்புத்தகத்தில் ஏறுகிறது. மூலம் அந்த ஒரு பதிவுதான். அதிலிருந்துதான் நாட்டாருக்கும் பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம் என்று சுற்றியிருந்த ஊர்களுக்கும் திருமுகம் போகிறது. ஏதாவது ஓர் ஊர்க்கணக்கில் இந்த மாற்றம் விழாமல் போனால் எல்லைத் தகராறு. ஒரே நெல்லை இரண்டு பேர் கேட்டு வந்து நின்றால் கஷ்டம் உழுகிறவனுக்கு.

அதனால், ஓலை போனதோடு வேலை முடியவில்லை. ஊரார் கூடி, பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நாங்கள் ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ என்று ஒரு சின்னப் பாக்கெட்டில் முடிப்பதை இவர்கள் யானையை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆணைக்கும் அந்த நடைக்கும் நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல். தாமதம்தான், ஆனால் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் எல்லையைக் காலால் அறிந்தவர்கள். கையெழுத்துகளில் ஊர்க்கணக்கர்களும் மத்தியஸ்தர்களும் நிறைய. வயலில் இறங்கியவர்களை அந்த வரிசையில் தேடிச் சலித்தேன்.

அப்புறம் ராஜேந்திரன் அந்த ஆணையைச் செம்பில் ஏற்றினான். 21 ஏடுகள்.

1090 வாக்கில், குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து நிற்கிறார்கள். விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கைச் சொல்லி மறுபடி ஒரு செப்பேடு வேண்டும் என்கிறார்கள். கிடைத்தது. இந்த முறை மூன்றே ஏடுகள்.