மணலுக்குக் கட்டளை: ஓர் ஆமையில் தொடங்கிய கதை

தொட்டியம் பக்கம் காவிரி வத்திக் கிடக்கும்போது காத்தடிச்சா மணல் கிளம்பும். ஒரு மணல் எங்கே போய் விழும்னு சொல்ல முடியாது. ஆனா மொத்தக் கூட்டமும் எப்படிப் பரவும்னு கணக்குப் போடலாம். அந்தக் கணக்கை இன்னைக்கு ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, கட்டளைக் கட்டங்களை அடுக்கியே திரையில ஓட்டிப் பார்க்கலாம்.

இதுக்கு ரெண்டு வேர் உண்டு. ஒன்று சினிமா. 1982-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தில், தீ ஒரு கோளையே சுற்றிப் பரவும். வில்லியம் ரீவ்ஸ் ஒவ்வொரு பொறிக்கும் இடம், வேகம், நிறம், ஆயுள் கொடுத்துப் பறக்கவிட்டார். அடுத்த ஆண்டே அந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இன்னொன்று பள்ளிக்கூடம். 1967-இல் பிறந்த லோகோ மொழியில் பிறகு ஒரு ஆமை வந்து சேர்ந்தது. ‘முன்னே போ, திரும்பு’ என்றால் கோடு போடும். எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் அந்த ஒரு ஆமையை ஆயிரக்கணக்கில் பெருக்கி ஸ்டார்லோகோ செய்தார். எறும்புக் கூட்டமும் வாகன நெரிசலும் தலைவன் இல்லாமலே உருவாவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பின்னால் வந்த ஸ்டார்லோகோ டி.என்.ஜி.யில் கட்டளைகள் கட்டங்களாயின. ரெஸ்னிக் குழுவின் ஸ்கிராட்ச் 2007-இல் வெளிவந்தது.

சினிமா வழிக்குக் காட்சி அழகா இருந்தாப் போதும். ஆமை வழிக்கு விதி புரியணும். இன்றைய கருவிகள் பலதில் ஒரு பொத்தானை அழுத்தினா புகை வந்துடும். பிள்ளைக்கு ஏன்னு தெரியாது.

ஸ்கிராட்ச்சில் ஒரே நேரத்தில் 300 நகல்தான் உருவாக்க முடியும். குறைதான், ஆனா போதும். ஒவ்வொரு நகலும் ஏதோ ஒரு திசையில் திரும்பி ஓரடி வைக்கட்டும். 100 அடி வைத்தபின் அவை புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 10 அடி தூரத்தில்தான் பரவியிருக்கும். 20 அடி வேணும்னா 400 அடி வைக்கணும். தூரத்தை இரட்டிப்பாக்க, நடையை நாலு மடங்காக்கணும்.

இந்தத் தடுமாற்ற நடையிலிருந்துதான் சுப்ரமணியன் சந்திரசேகர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற நீண்ட கட்டுரை தொடங்குகிறது. அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் பிறந்தது நம்ம திருவானைக்காவலில்.

அவர் கணிதத்தால் எட்டியதை, நம்ம ஊர்ப் பிள்ளை மூணு கட்டத்தை அடுக்கித் தொட்டுப் பார்க்க முடியும். புகை வரவழைக்கிற பொத்தானை மட்டும் கொடுத்துட்டு, அந்த மூணு கட்டத்தை நாம மறைச்சுடக் கூடாது.