தென்காசியில் மூடி, குற்றாலத்தில் திறந்தால்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பஸ் ஏறுமுன் மடிக்கணினியை மூடிப் பையில் போட்ட ஒருவர் மெயின் அருவிப் பக்கம் இறங்கித் திறப்பதற்குள், உள்ளேயிருக்கும் வைஃபை அட்டை அவரைவிட நெடுந்தூரம் போய்த் திரும்பிவிடுகிறது.

கணினி அரசு கொடுத்ததாகவே இருக்கட்டும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸுக்கு அடித்தளம் டெபியன். அதற்கும் அடியில், வன்பொருளை ஆளும் மையநிரலான லினக்ஸ் கெர்னல். எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

மூடியதும் கெர்னல் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை நிறுத்தும். பிறகு சாதனங்களைத் தூங்கவைக்கும். அட்டை தூங்கிய பின்தான் அது செருகியிருக்கும் பிசிஐ போர்ட் தூங்கலாம். கடைசியில் ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை விதிகளின்படி டி0 என்றால் முழு விழிப்பு, டி3 என்றால் ஆழ்ந்த தூக்கம். பிற்பாடு டி3 இரண்டாயிற்று: மின்சாரம் இருக்கும்போதே தூங்குவது டி3 ஹாட், மின்சாரமே துண்டிக்கப்பட்டது டி3 கோல்ட். கோல்டுக்குப் போன அட்டை தனக்கு ஒதுக்கிய முகவரிகளைக்கூட மறந்துவிடும். அதனால் அதன் 64 பைட் தலைப்பையும் வேறு சில அமைப்புகளையும் கெர்னல் முன்கூட்டியே ராமில் எழுதிவைத்துக்கொள்கிறது.

திறக்கும்போது வரிசை தலைகீழ்: போர்ட் முதலில், அட்டை பிறகு. டி3 ஹாட்டிலிருந்து எழுப்பினால் 10 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். கோல்டிலிருந்து என்றால் 100.

சிக்கல், சாதனம் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கும் குரலான இன்டரப்டில்தான். ஒரே இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்திருக்கும். முதலில் எழுந்த ஒன்று குரல் கொடுத்தால் வைஃபை அட்டையை இயக்கும் நிரலான டிரைவரும் ஓடிவந்து, இன்னும் எழாத அட்டையைத் தொடும். சில சமயம் கணினியே உறைந்துபோகும். முன்பு அந்தந்த டிரைவர் தன் போக்கில் சமாளித்தது. 2009 வாக்கில் கெர்னல் நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கி முதலானோர் இந்த வேலையை டிரைவரிடமிருந்து பிசிஐ மையப் பகுதிக்கு மாற்றினார்கள். இன்டரப்டைத் திறக்குமுன்பே அது அட்டையை டி0-வுக்குக் கொண்டுவந்து, சேமித்த பைட்டுகளைத் திருப்பி எழுதிவிடுகிறது. 'லினக்ஸ் தூங்கினால் எழாது' என்ற கெட்ட பெயர் குறைந்ததில் இதற்குப் பெரும்பங்கு என்பேன்.

அப்படியும் சில அட்டைகள் எழுவதில்லை. அட்டையின் மின்நிலைப் பதிவேட்டில் கடைசி இரண்டு பிட் 00 என்றால் டி0, 11 என்றால் டி3. பதில் சொல்ல ஆளில்லாத முகவரியைப் படித்தாலோ எல்லா பிட்டும் 1 ஆகவே வரும். கடைசி இரண்டும் 11. அதைப் பார்த்த பழைய கெர்னல், 'நிலை மாற மறுக்கிறது, இப்போது டி3' என்று பதிந்தது. பள்ளிக்கே வராத பையனை 'வகுப்பில் தூங்குகிறான்' என்று வாத்தியார் எழுதிவைத்த மாதிரி! பின்வந்த கெர்னல்கள் இரண்டையும் பிரித்தறிந்து, 'சாதனத்தை அணுக முடியவில்லை' என்று நேராகச் சொல்கின்றன.

உங்கள் கணினி விழித்தபின் வைஃபையைக் காணோம் என்றால், கெர்னல் பதிவில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறுதொடக்கம் மட்டும் போதாமல் போகலாம். முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து இயக்குங்கள். புது அட்டை வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.