ஊட்டி ஃபிலிமும் அரசுக்கு உவக்காத ஆவணப்படங்களும்

ஊட்டி இந்துநகரில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். 1960இல் பதிவாகி, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புகைப்படத் தாள் ஆகியவற்றை விற்றது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று இந்தத் தொழிலுக்குத் தோதானது. வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்து, ஜெலட்டினில் உப்புச் சேர்மங்களோடு கலந்து, அந்தப் பூச்சை மெல்லிய தாளில் சீராகப் படியவைத்து உலர்த்த வேண்டும். ஒளி பட்டால் சுருள் முழுவதும் பாழ். அதனால் பூச்சு முதல் வெட்டி டப்பாவில் அடைப்பது வரை வேலை இருட்டில்தான். கண்ணுக்குப் பதில் கைதான் அங்கே வழிகாட்டி.

இதே மலையில், குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில், 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட்டின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1950கள் தொடங்கும்வரை சினிமாச் சுருளின் அடித்தாளும் அதே பொருளால்தான் ஆனது. பழைய திரையரங்குகளில் ஃபிலிம் அடிக்கடி தீப்பற்றியதற்குக் காரணம் இதுவே. ஊட்டி ஆலை வந்தபோது உலகம் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் தாளுக்கு மாறியிருந்தது.

போருக்கும் படச்சுருளுக்கும் இதைவிட நெருக்கமான உறவு திரையரங்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் இந்திய அரசு 1943இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஓர் ஆணை போட்டது: ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற செய்திப்படத்தைத் திரையிட்டே ஆக வேண்டும். போர் முடிந்ததும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் சுதந்திர இந்தியா 1948இல் அரசுப் படத்தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனை அமைத்து, கட்டாயத் திரையிடலைத் திரையரங்க உரிமத்தின் நிபந்தனையாகவே திரும்பக் கொண்டுவந்தது. அணைகள், உருக்காலைகள், எல்லைப் போர்கள் என எதுவானாலும் பெரும்பாலான மக்கள் திரையில் பார்த்தது அரசு சொன்ன கதையைத்தான். பலர் அந்த நேரத்தில் வெளியே பீடி பற்றவைக்கப் போனார்கள் என்பது வேறு விஷயம். ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு உள்ளிருந்தே முரண்டு பிடித்தவர்களும் உண்டு. ஊட்டி ஆலை உற்பத்தியைத் தொடங்கிய அதே 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த 'ஐ ஆம் 20' படத்தில், சுதந்திர ஆண்டில் பிறந்த இளைஞர்கள் நாட்டைப் பற்றிய கசப்பையும் மறைக்காமல் பேசினார்கள்.

வெளியே இருந்து படமெடுக்க நினைத்தவருக்கு முதல் தடை தணிக்கை அல்ல, ஃபிலிம்தான். சுருள் விலை அதிகம், இறக்குமதிக்கோ அரசு அனுமதி வேண்டும். பீகார் மாணவர் இயக்கத்தைப் படமாக்கிய ஆனந்த் பட்வர்த்தன், சூப்பர் 8 கேமராவில் எடுத்ததைத் திரையில் ஓட்டி, அதை 16 மி.மீ. கேமராவில் மறுபடி பதிவுசெய்துதான் படத்தை முடித்தார். பின்னாளில் வீடியோ நாடா வந்து இந்தக் கட்டை அவிழ்த்தது. சட்டம் தராத சுதந்திரத்தை மலிவான கேசட் தந்தது என்றே சொல்ல வேண்டும். வண்ணப் படமும் வீடியோவும் பிறகு டிஜிட்டலும் ஊட்டி ஆலையின் சந்தையைத் தின்றன. 1990களின் நடுவில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது.

ஆனால் தடைகள் தீரவில்லை. போபால் விஷவாயுப் பேரழிவைப் பற்றித் தபன் போஸும் சுகாசினி முலேயும் எடுத்த படம் தேசிய விருது பெற்றும், தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1992இல் படத் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிந்தைய வெறியைக் கேள்வி கேட்ட பட்வர்த்தனின் 'வார் அண்ட் பீஸ்' படத்தில் 21 வெட்டுகள் கேட்டது தணிக்கை வாரியம். 2003இல் மும்பை உயர்நீதிமன்றம் ஒரு வெட்டும் வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. ஈழப் போரின் இறுதி மாதங்களைக் காட்டும் கேலம் மெக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' படத்துக்கு 2014இல் சான்றிதழே மறுக்கப்பட்டது. இலங்கையுடனான உறவு கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நாட்டில்தான் இது நடந்தது.

தமிழில் தொழிற்சாலையைக் குறிவைத்த படங்களில் முக்கியமானது, மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதன் 2011இல் எடுத்த 'மெர்க்குரி இன் தி மிஸ்ட்'. அதன் களம் இன்னொரு மலை நகரமான கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து 1980களில் இடம்பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அங்கே இருந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் காயலான் கடையில் டன் கணக்கில் கிடந்ததை ஊர் மக்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்தில் ஆலையால் பாதிப்பு எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. தொழிலாளர்களும் குடும்பத்தாரும் சொன்னது வேறு. 2006இல் அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் சமரச உடன்பாடு செய்துகொண்டது.